நெஞ்செலும்பு சேரட்டும், பிறகு வாசிக்கலாம்

இதய மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக 22 ஆண்டுகள் இருந்தவன் நான். 58-ஆவது வயதில் எனக்கே பைபாஸ் நடந்தது. அதற்குப் பிறகுதான் வயலின் கற்கத் தொடங்கினேன். பிறருக்குக் கண்டிப்பாகச் சொன்ன விதிகளை நானே மீறத் துடித்த நாட்கள் உண்டு என்பதால், கேட்பவர்களின் அவசரம் எனக்குப் புரியும். இவை மார்பைத் திறந்து செய்யும் இதய அறுவைக்குப் பின் இசைக்கருவி கற்பது பற்றிய பொதுவான பதில்கள். உங்கள் அறுவை மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

கேள்வி: பைபாஸ் முடிந்து 3 வாரம் ஆகிறது. ஆசையாகக் கிட்டார் வாங்கி வைத்திருக்கிறேன். இதயம் தாங்குமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எப்போது தொடங்கலாம், ஐயா?

பதில்: இதயம் தாராளமாகத் தாங்கும். உட்கார்ந்து கிட்டார் வாசிப்பது, உங்களை தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்களே, அதைவிடக் கடினமான வேலை அல்ல. காத்திருக்கச் சொல்வது எலும்பு. அறுவையின்போது நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறக்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பி பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒட்ட வேண்டியது எலும்பு. பெரும்பாலோருக்கு அதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். முழு உறுதி வர ஏறக்குறைய 12 வாரம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம்.

கிட்டாரின் விளிம்பு நேராக நெஞ்சில் வந்து சாயும். வலக்கையை அதன் மேல் போட்டால் தோள் வெளியே விரியும். கருவி 2 கிலோதான், ஆனால் கெட்டியான பெட்டியோடு சேர்த்தால் 5 கிலோவைத் தாண்டிவிடும். இந்த வாரங்களில் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆக, 8 வாரம் ஆகட்டும். அதுவரை கையால் தாளம் போடுங்கள், சுருதி சேர்க்கும் ஒலியைக் கேட்டுப் பழகுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம், அதற்குத் தடை இல்லை. தூக்குவது மட்டும் வேறு யாராவது.

கேள்வி: அப்படியானால் சீக்கிரம் தொடங்கக்கூடிய கருவி எது?

பதில்: மேசைமேல் வைத்து வாசிக்கும் கீபோர்டு. முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கும், நெஞ்சில் எதுவும் படாது, கட்டைகளை அழுத்த வலு வேண்டாம். மருத்துவர் சரி என்றால் 3, 4 வாரத்திலேயே தொடங்கலாம். முதலில் நடுவில் உள்ள இரண்டு ஸ்தாயிகளுக்குள் நில்லுங்கள். இரண்டு கைகளும் இரு கோடிகளுக்கும் நீளும் பாடங்கள் பிறகு.

வயலின் அரைக் கிலோகூட இருக்காது. ஆனால் இடக்கையை உயர்த்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், அதுதான் சிரமம். நான் பத்தாவது வாரத்தில் தொடங்கினேன். நான்கு நிமிடத்தில் கை கீழே வந்துவிட்டது. செல்லோவின் மேல் விளிம்பு சரியாக நெஞ்செலும்பின் மேல்தான் சாய்கிறது, 3 மாதம் முடியட்டும். டிரம்ஸுக்கும் அதே 3 மாதம்தான். அக்கார்டியன் பற்றிக் கேட்க நினைப்பவர்களுக்கு: இழுக்காதே, தள்ளாதே என்று மருத்துவமனையில் சொன்ன இரண்டையும் ஓயாமல் செய்ய வைக்கும் கருவி அது. பெரியவற்றின் எடை 10 கிலோவைத் தொடும். கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊதும் கருவி நுரையீரலுக்கு நல்லது என்கிறார்கள். வால்வு அறுவை முடிந்து 7 வாரம். புல்லாங்குழலா, டிரம்பெட்டா என்று யோசிக்கிறேன்.

பதில்: இரண்டும் ஊதுவதுதான், ஆனால் உடம்புக்கு அவை இரண்டு வேறு வேலைகள். புல்லாங்குழலில் காற்று நிறையச் செலவாகும், அழுத்தம் குறைவு. டிரம்பெட்டில், அதுவும் மேல் ஸ்தாயியில், உதடு இறுகி நிற்க, அதை மீறிக் காற்றைத் தள்ள வேண்டும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். மலச்சிக்கலில் முக்குவதற்கும் இதற்கும் உடலளவில் பெரிய வேறுபாடு இல்லை. (மருத்துவமனையில் மலமிளக்கி ஏன் கொடுத்தார்கள் என்பது இப்போது புரியும்.) அப்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, விட்டவுடன் சட்டென்று பாய்கிறது, ரத்த அழுத்தம் இறங்கி ஏறுகிறது. நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் ஓபோவும் இதே வகைதான்.

மயக்க மருந்துக்கும் நெஞ்சு வலிக்கும் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் கிடக்கும். அதற்காகத்தான் பந்துகள் எழும்பும் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். மெல்ல ஊதும் கருவி அந்தப் பயிற்சியின் தொடர்ச்சிபோல அமையலாம். எனக்குப் பிடித்தது மவுத்ஆர்கன்: ஊதினாலும் ஒலிக்கும், உறிஞ்சினாலும் ஒலிக்கும், எடையே இல்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அதை மூச்சுப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்கும் இடங்கள் உண்டு.

எனவே உங்களுக்குப் புல்லாங்குழல், 8 வாரத்துக்குப் பிறகு. புதிதாகக் கற்பவர்கள் ஒலி வராத கோபத்தில் வேகமாக ஊதித் தள்ளுவார்கள்; தலை சுற்றும். அது இதயக் கோளாறு அல்ல, கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிட்டதன் விளைவு. குழலைக் கீழே வையுங்கள், ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். எந்தக் கருவியானாலும் எதிரே கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தால் நிறுத்த வேண்டும். பெருநாடியில் அறுவை செய்துகொண்டவர்கள் டிரம்பெட் பற்றி முடிவெடுப்பதற்கு முன் மருத்துவரிடம் நேரில் பேசியே ஆக வேண்டும்.

கேள்வி: அறுவை முடிந்ததிலிருந்து இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன. வீணை கற்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: நரம்புக் கருவிக்கு ஆசைப்படுபவருக்கு நரம்பிலேயே தொல்லை! விடவேண்டாம் அம்மா. நெஞ்செலும்பை விரித்துப் பிடிக்கும்போது கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்தின் கீழ்ப்பகுதி இழுபடுவதுண்டு. அந்தப் பகுதி போய்ச் சேரும் இடம்தான் இந்த இரண்டு விரல்கள். யாரும் தவறு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடுகிறது. ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மரத்துப்போவதோடு பிடியும் தளர்ந்தால், அல்லது கையில் தசை மெலிந்தால், உடனே பார்க்க வேண்டும்.

உணர்ச்சி இல்லாத விரலால் கம்பியை அழுத்திப் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது, தோல் கிழிந்தாலும் தெரியாது. வீணையின் முதல் பாடங்களுக்கு இடக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே போதும், அவை நன்றாக இருக்கின்றன. நல்ல காலம்!

கேள்வி: எனக்கு இடது முன்கையிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துப் பொருத்தினார்கள். கட்டை விரலின் பின்புறம் உணர்ச்சி குறைவு.

பதில்: வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடக்கையிலிருந்துதான் எடுப்பார்கள், அதிகம் பயன்படாத கை என்பதால். தந்திக் கருவி வாசிப்பவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இது தோலுணர்ச்சி நரம்பு மட்டுமே பட்ட பாடு. விரலின் வலு குறையாது. தழும்பு முழுதும் ஆறிய பின் தொடங்குங்கள். அறுவை இனிமேல்தான் என்று காத்திருப்பவர்கள், தாங்கள் இசைக்கருவி வாசிப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. மாண்டலின் கம்பி விரலைக் கீறினால் ஆபத்தா? இன்னொன்று, அமைதியான அறையில் வால்வின் சத்தம் எனக்கே கேட்கிறது, தாளம் தப்புகிறது.

பதில்: சிறு கீறல் ஆபத்தில்லை, ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் முக்கியம். புதிதாகக் கற்பவரின் விரல் நுனி கம்பியில் கன்றிப்போவது எல்லோருக்கும் நடப்பது. உங்களுக்கு நீலம் பாரிக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று மெல்லக் காய்ப்பேற விடுங்கள். கம்பி மாற்றும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், அறுத்த எஃகுக் கம்பியின் நுனி ஊசிதான். கையால் அடித்து வாசிக்கும் மிருதங்கம் போன்றவற்றுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

செயற்கை வால்வு உள்ளவர்கள் வாயைக் கவனிக்க வேண்டும். ஈறிலிருந்து ரத்தத்தில் நுழையும் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். பல் மருத்துவரிடம் போகும்போது வால்வைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் ஊதிய கருவியைக் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். டிக் டிக் என்று தாள வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ட்சல் என்பவர் காப்புரிமை பெற்றது 1815-இல். அதற்கு முன் நாடித்துடிப்பையே வேகத்தின் அளவுகோலாகக் கொண்ட இசைக்காரர்கள் இருந்தார்கள். உங்களுக்கு நாடி ஒலிபெருக்கியோடு வந்திருக்கிறது! ஆனால் அதைப் பின்தொடராதீர்கள். பாட்டு விறுவிறுப்பாகும்போது அதுவும் ஓடும். மெட்ரோனோமை வால்வைவிட உரக்க வையுங்கள். சில மாதங்களில் மூளை அந்த டிக் டிக்கைக் கேளாமல் விட்டுவிடும்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்த பிறகு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம். காந்தம் உள்ள எதுவும் பேஸ்மேக்கருக்கு 15 சென்டிமீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கி, கிட்டாரின் பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பகுதி), கழற்றி மார்பில் தொங்கவிடும் ஹெட்ஃபோன். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது தோளுக்குக் கீழே இருக்கும், கிட்டார் பட்டையும் அங்கேதான் அழுத்தும். பட்டையைத் தவிர்த்து உட்கார்ந்து வாசியுங்கள். முதல் 4 முதல் 6 வாரம் அந்தக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

கேள்வி: நான் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். அறுவைக்குப் பின் நான்கு ஸ்வரங்களை நினைவில் வைக்க முடியவில்லை. நேற்று கீபோர்டு முன் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பதில்: நானும் அழுதிருக்கிறேன், அதுவும் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லிப் பழகிய வாயோடு. பெரிய அறுவைக்குப் பின், குறிப்பாக இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்து வந்தவர்களுக்கு, கவனமும் நினைவும் மங்குவது உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தெளிந்துவிடும். தூக்கமின்மை அதை மோசமாக்கும். இப்போதைக்கு மனப்பாடம் வேண்டாம், தாளைப் பார்த்தே வாசியுங்கள். நேற்று வாசித்த அதே வரியை இன்றும் வாசியுங்கள், புதுப் பாடம் தேடாதீர்கள். காலையில், களைப்பு வருவதற்கு முன், ஏழெட்டு நிமிடம் போதும்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய அறுவைக்குப் பின் மனச்சோர்வு மிகச் சாதாரணம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. கீபோர்டு அந்தச் சிகிச்சைக்குத் துணை நிற்கும், அதற்குப் பதிலாகாது.

கேள்வி: தரையில் சம்மணமிட்டு வாசிக்கலாமா? காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருக்கிறார்கள்.

பதில்: உட்காருவதைவிட எழுவதுதான் சிக்கல். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா? முடியாது என்றால் நாற்காலிதான். கால் வீக்கம் வடியும் வரை நீண்ட நேரம் மடக்கியும் வைக்க வேண்டாம்.

கேள்வி: 71 வயது அப்பா தினமும் 2 மணி நேரம் பயிற்சி செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். எப்போது தடுக்க வேண்டும்?

பதில்: பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக் கொடுங்கள், இடையில் நடக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நெஞ்செலும்பில் 'கிளிக்' என்று அசைவோ ஒலியோ, காயத்தில் நீர் அல்லது சிவப்பு, காய்ச்சல், தாறுமாறான படபடப்பு, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏற்றம்: இவற்றில் ஒன்று வந்தாலும் கருவியை மூடிவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: ஆசிரியரிடம் அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தனியாகப் பார்ப்பாரோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. என் ஆசிரியர் பின்னாலிருந்து வந்து, "நிமிர்ந்து உட்காருங்கள்" என்று இரண்டு தோள்களையும் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். அன்றிரவு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தூங்கினேன். மறு வகுப்பில் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் அண்ணனுக்கும் இதே தழும்புதான் என்றார்.