வாசகர் கேள்வி – பதில்: மின்சார சைக்கிள் வந்தால் பயணப் பழக்கம் மாறுமா?

கேள்வி: ஐரோப்பாவில் மின்சார சைக்கிள் வாங்கியவர்கள் காரை எடுப்பதே குறைந்துவிட்டது என்று படித்தேன். இது உண்மையா, புதுப்பொருள் மோகமா? நம் ஊரிலும் அப்படி நடக்குமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: மாற்றம் உண்மைதான். ஆனால், எந்த வாகனத்தின் இடத்தை அது பிடிக்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்குச் சராசரியாக 2.1 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவந்தவர்கள், மின்சார சைக்கிள் வாங்கிய பிறகு 9.2 கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்றும், அவர்களுடைய மொத்தப் பயணத்தில் சைக்கிளின் பங்கு 17 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்ந்தது என்றும் தெரியவந்தது. தாமாக விரும்பிப் பணம் கொடுத்து வாங்கியவர்களிடம் எடுத்த கணக்கு இது என்பதால், ஊரில் எல்லோருக்கும் ஒன்று கொடுத்தாலும் இதே அளவு மாறும் என்று கொள்ள முடியாது.

ஆஸ்லோ மேடும் பள்ளமுமான ஊர். காலையில் இறக்கத்தில் சுகமாகப் போய்விடலாம் என்றாலும், மாலையில் ஏறி வரவேண்டிய மேட்டை நினைத்தே கார் சாவியை எடுப்பவர்கள் அங்கே உண்டு. ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் உதவக் கூடாது. ஆகவே வேகம் இதில் பெரிய கவர்ச்சி இல்லை. ஏற்றம், எதிர்க்காற்று, வியர்வை ஆகிய மூன்றும் சாக்காக நிற்காமல் போவதுதான் பழக்கத்தை மாற்றுகிறது.

ஜப்பானில் இதே சைக்கிள் வேறொரு பயணத்தைப் பிடித்துக்கொண்டது. 1993-இல் யமஹா நிறுவனம் மிதிப்புக்குத் துணைபுரியும் மோட்டார் பொருத்திய சைக்கிளை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மழலையர் பள்ளி வாசலில் அதைச் சாதாரணமாகக் காணலாம். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, தாழ்ந்த சட்டம், சிறிய சக்கரங்கள், குழந்தைகளை ஏற்றி இறக்கும்போது சாயாமலிருக்க அகலமான இரட்டைக்கால் ஸ்டாண்டு என, தாய்மாரின் காலை நேரத்தை அறிந்தவர்கள் வடிவமைத்த வண்டி அது. இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சிக்னலில் நின்று மறுபடியும் கிளம்பும் அந்த முதல் மிதியில்தான் மோட்டாரின் அருமை தெரியும்.

சீனாவில் நடந்தது வேறு. குன்மிங், ஷாங்காய் போன்ற நகரங்களில் ஆராய்ந்தபோது, மின்சார சைக்கிள் ஓட்டிகளில் பலர், அது இல்லாவிட்டால் பேருந்தில் போயிருப்போம் என்றே கூறினர். அவர்களுக்கு நேரம் மிச்சம். சாலையில் கார்கள் குறைந்தனவா என்றால், அவ்வளவாக இல்லை.

தமிழ்நாட்டில் இது காரைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை. கடைவீதிக்கும் டியூஷனுக்கும் மொபெட்டையோ ஸ்கூட்டரையோ கிளப்பும் வழக்கம் இதற்கு மாறினால், அது பெரிய லாபம். 2021 மே மாதம் முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கும் சாதாரண நகரப் பேருந்தை விட்டுவிட்டு ஒருவர் இதற்கு மாறினால், பெட்ரோலும் மிச்சமாகாது, பணமும் மிச்சமாகாது. ஆனால், பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். அதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: மோட்டார் தள்ளினால் உடற்பயிற்சி எங்கே கிடைக்கும்?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: ஐரோப்பாவின் 7 நகரங்களில் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வில், மின்சார சைக்கிள் ஓட்டுபவர்களின் உடலுழைப்பு, சாதாரணச் சைக்கிள் ஓட்டுபவர்களின் உழைப்புக்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. மிதிப்பதில் சிரமம் குறைவதால் அவர்கள் அதிகத் தூரம் போகிறார்கள் என்பதே காரணம். ஸ்கூட்டரிலிருந்து மாறினால் உங்களுக்கு ஆதாயம். ஏற்கெனவே நாள்தோறும் மிதிப்பவர் மாறினால் சிறிது நட்டம். ஒன்றைக் கவனியுங்கள்: மிதிக்காமலே கைப்பிடியை முறுக்கினால் ஓடும் வகையை வாங்கி, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: இதற்கு உரிமம் வேண்டுமா? மின்கட்டணம் எகிறுமா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டாவிட்டால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே ஆகாது; ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 360 வாட்-மணி. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால்கூட ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட்டை ஒட்டித்தான் செலவாகும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர், பேட்டரியைத் தனியே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடிகிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.