ஆய்வுக் கட்டுரைக்கு சர்க்யூட் படத்தை எதில் வரைவது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எல்.டி.ஸ்பைஸில் வரைந்த சர்க்யூட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி, ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். படத்தைப் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசில்லாமல் எந்த மென்பொருளில் வரையலாம்?

பதில்: எல்.டி.ஸ்பைஸ் மீது தப்பில்லை. அது சர்க்யூட் வேலை செய்யுமா என்று பார்க்கிற சிமுலேட்டர். படத்தைக் கெடுத்தது ஸ்கிரீன்ஷாட். அதில் இருப்பது வெறும் பிக்சல்கள். ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் சாம்பல் நிற அழுக்கு வேறு சேரும். கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும் வெக்டர் கோப்பு, அதாவது பி.டி.எஃப். அல்லது எஸ்.வி.ஜி., தரும் மென்பொருள்தான் வேண்டும். நல்லவை இலவசமாகவே கிடைக்கின்றன.

லேட்டெக்கில் (கட்டளைகளை எழுதிக் கட்டுரையை அச்சுக்கோக்கும் மென்பொருள்) எழுதுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதற்கான சர்க்யூட்டிக்இஸட் தொகுப்புதான். மவுஸ் வேலை கிடையாது. எங்கிருந்து எங்கே ரெசிஸ்டர், எங்கே கெபாசிட்டர் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். முதல் படத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். ஆனால் கட்டுரையின் எழுத்துருவே படத்திலும் வரும். அந்தச் சுகம் வேறெதிலும் இல்லை.

நீங்கள் வேர்டில்தான் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கிகேட் போட்டுக்கொள்ளுங்கள். பிசிபி, அதாவது சர்க்யூட் பலகை, வடிவமைக்கும் மென்பொருள்தான். நமக்கு அதில் சர்க்யூட் படம் வரையும் ஸ்கீமேட்டிக் எடிட்டர் மட்டும் போதும். பலரும் சறுக்குவது இங்கேதான். ஏ4 தாளைப் படுக்கவைத்து, 297 மி.மீ. அகலத்துக்கும் தாராளமாக வரைந்துவிடுவார்கள். மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ.யின் இதழ்களில், பக்கத்தின் இரண்டு நெடும்பத்திகளில் ஒன்றுக்கான படத்தின் அகலமோ 88.9 மி.மீ. அதற்குள் சுருக்கினால், கிகேட்டின் வழக்கமான 1.27 மி.மீ. எழுத்து 0.4 மி.மீ.கூடத் தேறாது. எறும்புக்கே கண்ணாடி வேண்டும்.

ஆகவே முதலில் அளவு, அப்புறம் வரைதல். கிகேட்டின் வழக்கமான கட்டமும் 1.27 மி.மீ.தான். 88.9ஐ அதால் வகுத்தால் சரியாக 70. அகலவாக்கில் 70 கட்டத்துக்குள் சர்க்யூட்டை அடக்கிவிட்டால் சுருக்கவே வேண்டாம். எழுத்தை 2 மி.மீ. ஆக்குங்கள், ஏறக்குறைய 8 பாயின்ட் அளவுக்கு வரும். அடங்கவில்லையா? பவர் சப்ளையைத் தனிப் படமாகப் பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் வாசகருக்கும் அதுதான் வசதி.

ப்ளாட் எடுக்கும்போது, அதாவது படத்தைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது, கறுப்பு வெள்ளை, எஸ்.வி.ஜி.; தாளின் ஓரச் சட்டம் வேண்டாம். அதை இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் வரைபட மென்பொருளில் திறந்து, பக்கத்தைப் படத்தின் அளவுக்குக் குறைத்துச் சேமியுங்கள். வேர்டு 2019 எஸ்.வி.ஜி.யை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதற்கும் பழையது என்றால் இங்க்ஸ்கேப்பிலிருந்தே ஈ.எம்.எஃப். என்ற இன்னொரு வெக்டர் கோப்பாக எடுக்கலாம்.

மென்பொருளை நம்பாமல் நீங்களே கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. நான்கு ஒயர்களை ஒரே புள்ளியில் சேர்க்காதீர்கள். சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு டி (T) வடிவச் சந்திப்புகளாகப் போடுங்கள். அச்சில் அந்தப் புள்ளி மங்கினால், ஒயர்கள் சேர்கின்றனவா, குறுக்கே கடக்கின்றனவா என்று தெரியாது. அதேபோல 4.7 கே (கிலோ ஓம்) என்பதை 4கே7 என்று எழுதுங்கள். தசமப் புள்ளி விழுந்துவிட்டால் அது 47 கே ஆகிவிடும். யாராவது அதை நம்பி சாலிடர் செய்வார்.

அனுப்பும் முன் அதே 88.9 மி.மீ. அகலத்தில் ஒரு பிரின்ட் எடுத்து, மாணவர் ஒருவரிடம் கொடுத்து எல்லா மதிப்புகளையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிற இடத்தில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.