விரல் காக்கும் மேசை ரம்பம்: விலை ஏன் இறங்கவில்லை? (கேள்வி பதில்)

சுழலும் பிளேடில் விரல் பட்டதும் தானாக நின்றுவிடும் மேசை ரம்பங்களின் விலை, போட்டி, வழக்கு ஆகியவை பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் அமெரிக்காவில் வீட்டு அலமாரிகள் செய்து கொடுப்பவன். என் பட்டறையில், இப்படித் தானாக நிற்கும் ரம்பங்களைச் செய்யும் சாஸ்டாப் நிறுவனத்தின் ரம்பம் ஒன்றும் சாதாரண ரம்பம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். கீழே வரும் டாலர் கணக்கு கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் மாறும்.

கேள்வி (டல்லாஸ்): அண்ணா, சாதாரண மேசை ரம்பம் 300, 400 டாலருக்குக் கிடைக்கிறது. சாஸ்டாப்பில் இருப்பதிலேயே சிறியது 900 டாலர். இரண்டும் ஒரே மரத்தைத்தானே அறுக்கின்றன? மீதிப் பணம் எதற்கு?

ஒரு பகுதி இரும்புக்கு, ஒரு பகுதி வக்கீலுக்கு. முதலில் இரும்பைப் பார்ப்போம்.

பிளேடில் எப்போதும் ஒரு சிறு மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. நம் உடம்பு கடத்தும். விரல் பட்டதும் சமிக்ஞை சரியும். உடனே ஒரு மெல்லிய கம்பி எரிந்து அறும். அந்தக் கம்பி இழுத்துப் பிடித்திருந்த சுருள்வில் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டையைப் பிளேடின் பற்களுக்குள் தள்ளும். பிளேடு நிற்பதோடு மேசைக்குக் கீழேயும் இறங்கிவிடும். எல்லாம் 5 மில்லி நொடிக்குள். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் 40 பல் பிளேடு, வேகமே குறையாமல் ஓடினாலும் அந்த நேரத்தில் 13 பற்கள்தான் விரலைக் கடக்கும். இங்கே ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. பெரும்பாலும் ஒரு கீறலோடு போய்விடும்.

10 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைச் சட்டென்று பிடித்து நிறுத்தும்போது அந்த அடி முழுவதும் தண்டிலும் அதைத் தாங்கும் சட்டத்திலும் இறங்கும். மலிவு ரம்பத்தின் மெல்லிய வார்ப்பு அதைத் தாங்காது. தண்டையும் பிளேடையும் மற்ற பாகங்களிலிருந்து மின்சாரம் பிரியும்படி அமைக்கவும் வேண்டும். ஆகவே இருக்கிற ரம்பத்தில் பிற்பாடு இதைப் பொருத்த முடியுமா என்று கேட்டிருந்தவர்களுக்கும் இதுவே பதில்: முடியாது.

வக்கீல் பகுதிக்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

கேள்வி (நியூஜெர்சி): டிவால்ட், மகிதா, ரயோபி போன்ற பெரிய நிறுவனங்கள் இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் செய்யவில்லை? தெரியாதா, மனம் இல்லையா?

நன்றாகவே தெரியும். ஸ்டீவ் காஸ் என்பவர் ஒரேகானில் காப்புரிமை வழக்கறிஞர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1999-இல் இந்த யோசனை அவருக்குத் தோன்றியது. 2000-இல் அட்லாண்டா கண்காட்சியில், விரலுக்குப் பதில் ஹாட் டாக் என்ற இறைச்சித் துண்டை ஓடும் பிளேடில் தள்ளி, அதை நிறுத்திக் காட்டினார். ரம்பம் தயாரிக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. உரிமத்தை விற்றுவிட்டுப் போகத்தான் நினைத்தார். ரம்பத்தின் மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலையில் 8 சதவீதம் வரை கேட்டார். ரயோபி கையெழுத்து போடும் கட்டம் வரை வந்தது, போடவில்லை. மற்றவர்களும் கை விரித்த பிறகுதான் 2004-இல் சாஸ்டாப் தானே ரம்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைத் தைவானில் தயாரிக்கிறார்கள்.

நிறுவனங்கள் வெளியே சொன்ன காரணங்கள் செலவும், பிளேடை நிறுத்தும் அந்த பிரேக் தவறாக வெடிக்கும் என்ற அச்சமும். இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கணிப்பு. பாதுகாப்பான ரம்பம் ஒன்றை விற்கத் தொடங்கினால், அதே கடையில் பக்கத்தில் இருக்கும் தங்கள் மற்ற ரம்பங்கள் பாதுகாப்பற்றவை என்று தாங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அமெரிக்க நீதிமன்றத்தில் அது சாதாரண விஷயம் அல்ல. அவர்கள் பயந்தது நடக்கவும் செய்தது. 2010-இல் பாஸ்டனில், ரயோபி ரம்பத்தில் கையை வெட்டிக்கொண்ட ஒரு தொழிலாளிக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அவர் காப்புறை இல்லாமல் அறுத்தவர். அப்படியும், இந்தத் தொழில்நுட்பம் இருந்தும் அதைச் சேர்க்காத வடிவமைப்பே குறைபாடு என்ற வாதம் வென்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

காஸையும் நான் முழுக்கப் புண்ணியவானாக்க மாட்டேன். 2003-லேயே அவர் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்து, இப்படியொரு பாதுகாப்பைச் சட்டமாக்கச் சொன்னார். காப்புரிமைகள் அவர் கையில். சட்டம் வந்தால் எல்லாரும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். போட்டி நிறுவனங்கள் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000 பேர் அளவில் பிளேடு பட்டு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விரலையே இழந்தவர்கள் அதில் 4,000-க்கும் மேல்.

கேள்வி (டொராண்டோ): ஒருவர் பாஷ் ரியாக்ஸ் ரம்பத்தைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். அது சாஸ்டாப்பைவிட நல்லது என்று கேள்வி. வாங்கலாமா?

கேள்விப்பட்டது சரிதான், ஒரு விஷயத்தில் அது மேலானது. பாஷ் பிளேடைக் கடித்து நிறுத்தவில்லை. காரின் காற்றுப்பையில் உள்ளதுபோல் ஒரு சிறு வெடிப்பொதி வெடித்து, பிளேடை அப்படியே மேசைக்கு அடியில் இழுத்துவிடும். பிளேடுக்குச் சேதமில்லை. வெடிப்பொதி அடங்கிய ஒரு கார்ட்ரிட்ஜ் இரண்டு முறை வேலை செய்யும். 2016-இல் 1,499 டாலருக்கு வந்தது.

அந்த விலையைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சாஸ்டாப்பின் வேலைத்தளத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ரம்பம் 1,299 டாலருக்கு வந்திருந்தது. போட்டியாளர் வந்தது விலையைக் குறைக்க அல்ல, அதற்கும் மேலே போய் உட்கார. போட்டி வந்தால் விலை சரியும் என்பது இரண்டாவது ஆளிடம் நடப்பதில்லை. நாலாவது, ஐந்தாவது ஆள் வரவேண்டும். இங்கே இரண்டாவது ஆளையே நிற்க விடவில்லை. சாஸ்டாப் அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 ஜனவரியில் ரியாக்ஸை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யத் தடை வந்தது. தடை அமெரிக்காவுக்கு மட்டும் என்பதால் உங்கள் கனடாவில் அது விற்பனையானது.

வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: புதிய கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? கையில் பிரிக்காத கார்ட்ரிட்ஜ் சிலவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் பாதி விலையும் அதிகம்தான்.

கேள்வி (சான் ஹோசே): சாஸ்டாப் தன் காப்புரிமையை மக்களுக்கே கொடுத்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் அடுத்த ஆண்டு 400 டாலருக்கு ரம்பம் வருமா? காத்திருக்கட்டுமா?

கொடுத்துவிடவில்லை, கொடுப்பதாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணையில், 840 என்று முடியும் எண்ணுள்ள முக்கியக் காப்புரிமையைப் பொதுவில் விடத் தயார் என்று சாஸ்டாப் அறிவித்தது. ஆனால் மேசை ரம்பங்களில் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்ற ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தால்தான் என்பது நிபந்தனை. 2003 மனு, 2011-இல் முதல் அறிவிப்பு, 2017-இல் முன்மொழிவு, 2023-இல் துணை முன்மொழிவு என்று இழுத்த அந்த விதி இறுதி வடிவம் பெறவே இல்லை. விதி இல்லாததால் வாக்குறுதிக்கும் வேலை இல்லை.

2000, 2001-இல் பதிந்த முதல் காப்புரிமைகளின் 20 ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் சாஸ்டாப் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளை வேலிபோல் நட்டு வைத்திருக்கிறது. அந்த 840 எண்ணுக்கே 2033 வரை ஆயுள் உண்டு. எந்த ஆணி எங்கே குத்தும் என்று தெரியாமல் எந்த நிறுவனமும் லட்சக்கணக்கில் செலவழித்து அச்சு வார்க்காது.

சாஸ்டாப்புமே இப்போது காஸின் கையில் இல்லை. 2017-இல் ஃபெஸ்டூலின் தாய் நிறுவனமான ஜெர்மனியின் டிடிஎஸ் வாங்கிவிட்டது. ஃபெஸ்டூல் என்றைக்குத் தன் பொருளை மலிவாக விற்றிருக்கிறது? 2021-இல் அந்தச் சிறிய ரம்பத்தை 899 டாலருக்கு இறக்கினார்களே, நான் அதை ஒரு முன்யோசனையாகப் பார்க்கிறேன்: நாளை வரப்போகிறவனுக்குக் கீழ்த்தட்டில் இடம் வைக்கக் கூடாது.

காப்புரிமை எல்லாம் ஒழிந்தாலும் 200 டாலருக்கு இது வராது என்பது என் மதிப்பீடு. முதல் பதிலில் சொன்ன இரும்புச் செலவு இருக்கவே இருக்கிறது. 500, 600 டாலருக்கு வரலாம். அதற்காகப் பாதுகாப்பில்லாத ரம்பத்தில் அறுத்துக்கொண்டு காத்திருப்பது நல்ல கணக்கு அல்ல. ரம்பமே இல்லாமல் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): ஐரோப்பாவில் நிலைமை என்ன?

மேல்தட்டில் உண்மையான போட்டி உங்கள் ஊர்ப்பக்கம்தான் நடக்கிறது. ஃபெல்டர் மின்காந்த விசையால் பிளேடைக் கீழே இறக்குகிறது; எதுவும் உடைவதில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்ப வேலைக்குத் தயார். ஆல்டன்டார்ஃப் பிளேடுக்கு மேலே கேமராக்களை வைத்து, கை நெருங்கும்போதே கண்டுபிடித்து பிளேடை இறக்குகிறது. இத்தாலியின் எஸ்சிஎம் நிறுவனமும் களத்தில் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் தொழிற்கூடங்களுக்கான பெரிய பலகை ரம்பங்கள். பல ஆயிரம் யூரோ ஆகும். சிறிய அளவில் ஃபெஸ்டூலின் டிகேஎஸ் 80 உண்டு. அதற்குள் இருப்பதும் சாஸ்டாப் தொழில்நுட்பமே.

கேள்வி (அட்லாண்டா): தவறுதலாக பிரேக் வெடித்தால் எவ்வளவு செலவு?

அலுமினியக் கட்டையும் சுருள்வில்லும் அடங்கிய பிரேக் கார்ட்ரிட்ஜ் சுமார் 100 டாலர். பிளேடும் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கட்டைக்குள் பற்கள் புதைந்து இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே வரும். பிரித்தெடுத்தாலும் கார்பைடு பற்களின் பற்றவைப்பு தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட பிளேடை நான் மறுபடி மாட்டுவதில்லை. உண்மையிலேயே விரல் பட்டுத்தான் வெடித்தது என்றால் கார்ட்ரிட்ஜை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதிவுகளைப் பார்த்து உறுதிசெய்து புதிதாக ஒன்றைச் சும்மா தருகிறார்கள்.

தவறுதலாக வெடிப்பதில் பெரும்பாலானவற்றுக்கு நாமே காரணம். மரத்தைக் கோணம் பிடித்துத் தள்ள உதவும் மைட்டர் கேஜின் அலுமினிய முனை பிளேடில் உரசும். மருந்து ஊறிய ஈரமான பலகையைக் கடையிலிருந்து கொண்டுவந்த கையோடு அறுப்போம். மரத்தில் சந்தேகம் இருந்தால் பிரேக்கைத் தற்காலிகமாக முடக்கும் பைபாஸ் சாவியைத் திருப்பி ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். பிரேக் வெடித்திருக்குமா என்பதைச் சிவப்பு விளக்கு காட்டிவிடும். அந்த நேரத்தில் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (சிகாகோ): வணக்கம் ஐயா. என் கணவர் புதிதாக மரவேலை தொடங்குகிறார். கையில் இருப்பது 400 டாலர். எனக்கு அவர் விரல்கள் முக்கியம்.

அம்மா, 400 டாலரில் மேசை ரம்பமே வேண்டாம் என்று சொல்வேன். புத்தக அலமாரிக்கும் சமையலறைப் பெட்டிக்கும் பிளைவுட்தான் அறுக்கப்போகிறார். தண்டவாளத்தில் ஓடும் டிராக் சா போதும். அதில் பலகை அசையாமல் இருக்கும், இரண்டு கையும் எந்திரத்தின் கைப்பிடியில் இருக்கும், பிளேடு உறைக்குள் இருக்கும்.

மேசை ரம்பம்தான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ரைவிங் நைஃபைக் கழற்றாமல் வேலை செய்யச் சொல்லுங்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தகடு, அறுபட்ட பலகை திரும்பி நெருங்கிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும். கவ்வினால் பலகை வயிற்றை நோக்கி எகிறி வரும். விலை உயர்ந்த சாஸ்டாப்பின் பிரேக்கும் அதைத் தடுக்காது. மின்சாரம் கடத்தும் பொருள் பிளேடில் படுவதை மட்டுமே அது உணரும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஊருக்கு வரும் நண்பர் மூலம் ஒன்றைக் கொண்டுவரலாமா சார்?

அமெரிக்காவில் விற்கும் சிறிய ரம்பங்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. விரலைக் காக்கும் மின்னணுப் பகுதியை அப்படி ஏதோ ஒரு மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்க நான் துணியமாட்டேன். கார்ட்ரிட்ஜுக்கு ஒவ்வொரு முறையும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியும் இருக்கும்.

நம் ஆசாரிகள் பலர் கை ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் முடுக்கி, அதையே மேசை ரம்பமாக வைத்திருக்கிறார்கள். உறையும் கிடையாது, ரைவிங் நைஃபும் கிடையாது. சுவிட்சைக் கயிற்றால் கட்டி வைப்பதும் உண்டு. உங்கள் பட்டறையில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகை மேல் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி ரம்பத்தை ஓட்டினாலே அதே நேர்க்கோடு வரும்.

கேள்வி (ஹூஸ்டன்): பழைய சாஸ்டாப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மின்சாரம் கொடுத்து, சோதனை முடிந்து பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். பிளேடை நிறுத்தியே வைத்து, விரலால் தொடுங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் உணரும் பகுதி உயிரோடு இருக்கிறது. பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரம் கடைசிவரை தடங்கலின்றிச் சுற்ற வேண்டும். பிறகு பிளேடுக்கும் பிரேக்குக்கும் இடையே உள்ள இடைவெளியை, கூடவே வரும் அளவுகோலால் சரிபாருங்கள். பலகையில் அகலமான பள்ளம் வெட்டும் 8 அங்குல டாடோ பிளேடுக்கு வேறு கார்ட்ரிட்ஜ் தேவை. விற்பவரிடம் அது இருந்தால் விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.