வாசகர் கேள்வி – பதில்: திரும்பி வந்த விமானம், திரும்ப வழியில்லாத விமானம்

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளோடு டெல்லி செல்கிறோம். பாலம் விமானதளத்தை ஒட்டியுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தைப் பார்க்க அரை நாள்தான் கிடைக்கும். எதைத் தவறவிடக் கூடாது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: முழு விமானங்களைத் தேடிப் போவதற்கு முன்பு, சேதமடைந்த ஒரு துண்டின் எதிரே பிள்ளைகளை நிறுத்துங்கள். 1971 போரில் சைடுவைண்டர் ஏவுகணை தாக்கிய சுகோய்-7 விமானத்தின் வால் பகுதி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. தகடு கிழிந்து கிடக்கும் அதைப் பார்க்கிறவர்கள், விழுந்து நொறுங்கிய விமானத்தின் மிச்சம் என்றே முதலில் நினைப்பார்கள். உண்மையில், அந்த நிலையிலேயே விமானி அதைத் தளத்துக்குக் கொண்டுவந்து பத்திரமாகத் தரையிறக்கினார். சைடுவைண்டர் வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணை என்பதால், என்ஜினிலிருந்து சூடான வாயு பீறிட்டு வெளிவரும் பின்புறமே அதற்கு இலக்காகிறது. விமானத்தை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் வால் இறக்கைகள் இருப்பதும் அங்கேதான். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு மறுபடியும் அந்தக் கிழிசலைப் பார்க்கச் சொன்னால், அந்த விமானி செய்தது எத்தனை அரிய காரியம் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

அடுத்து நாட் விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 7 மீட்டர்கூட இல்லாத சிறிய விமானம் அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளம் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே நிர்மல்ஜித் சிங் செகோன் நாட் விமானம் ஒன்றில் மேலெழும்பி, பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு தனித்துப் போரிட்டு உயிர்துறந்தார். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

கேள்வி: ஜப்பானின் தற்கொலைப்படை விமானம் ஒன்றும் அங்கே இருக்கிறதாமே, உண்மையா? (வாசகர், ஈரோடு)

பதில்: உண்மைதான். அதன் பெயர் ஓகா. ஜப்பானிய மொழியில் செர்ரிப் பூ என்று பொருள். அதில் சக்கரங்களைத் தேடிப் பாருங்கள், இருக்காது. தரையிறங்கும் தேவையே இல்லாததாக எண்ணிக் கட்டப்பட்ட விமானத்துக்குச் சக்கரம் எதற்கு? இறக்கைகள் மரத்தால் ஆனவை. மூக்குப் பகுதியில் 1,200 கிலோ எடையுள்ள வெடிகுண்டு. அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் இடம். வாலில் மூன்று ராக்கெட்டுகள். ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் இதை வயிற்றின் அடியில் சுமந்து சென்று, எதிரிக் கப்பல்களை நெருங்கியதும் விடுவிக்கும். ராக்கெட்டுகள் பற்றிக்கொண்டபின் அதைத் தடுப்பது மிகவும் கடினம். ஆனால் அந்தப் பாரத்தோடு மெல்ல ஊர்ந்த தாய் விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது எளிதாக இருந்தது. 1945 மார்ச் 21 அன்று முதல் தாக்குதலுக்குக் கிளம்பிய தாய் விமானங்கள் அத்தனையும் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. ஓகாவைச் செலுத்தச் சென்ற இளைஞர்கள் தங்கள் இலக்கை எட்டாமலேயே மடிந்தார்கள்.