ஃபார்மேட் ஆன கார்டிலிருந்து படங்களை மீட்க

வணக்கம். கேமரா கேட்டதும் மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிட்டேன், குழந்தையின் படங்கள் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி ஒரு படம்கூட அதில் எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மேட்டில் பெரும்பாலும் கோப்புப் பட்டியல்தான் அழியும். படங்கள் அங்கேயே கிடக்கும். அவற்றின் மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் நிஜமாகவே போய்விடும்.

அப்புறம், விளம்பரத்தில் வரும் மென்பொருள் எதற்கும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற, இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, டெஸ்ட்டிஸ்க் என்ற வட்டு மீட்பு மென்பொருளுடன் சேர்ந்தே வரும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கட்டளைத் திரை பழக்கமில்லை என்றால் கூடவே வரும் க்யூஃபோட்டோரெக்கைத் திறங்கள், மவுஸாலேயே வேலை முடியும். கார்டை ரீடரில் போட்டுக் கணினியில் இணைத்து, அங்கே வரும் வட்டுப் பட்டியலில் கொள்ளளவைப் பார்த்து, அது உங்கள் கார்டுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மீட்கும் படங்களைக் கணினியிலேயே சேமியுங்கள், தயவுசெய்து அதே கார்டில் வேண்டாம். அதிலேயே சேமித்தால் மிச்சமிருக்கும் படங்களும் அழிந்துவிடலாம். பழைய கோப்புப் பெயர்கள் வராது. ஆனால் எடுத்த தேதி பொதுவாகப் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

கார்டு பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் வேறு ரீடரில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.