அந்தப் பக்கத்து சர்வர் பதில் சொல்லாவிட்டால்? – கேள்வி-பதில்

கேள்வி: பிரவுசரிலிருந்து ஒரு ஏபிஐயை (வேறொரு சர்வர் மற்ற நிரல்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வழி) அழைத்தால் கார்ஸ் பிழை (வேறு தளத்தின் பதிலைப் படிக்க பிரவுசர் போடும் தடை) வருகிறது. அதையே சர்வர் கோடில் எழுதினால் ஓடுகிறது. ஏதாவது பாதுகாப்பை மீறுகிறேனா?

பதில்: இல்லை. வேறு தளத்தின் பதிலை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாமா என்று பார்ப்பது பிரவுசரின் வேலை. பயனரின் குக்கிகள் அங்கே இருப்பதால் அந்தக் காவல். சர்வரில் அந்தக் குக்கிகளும் இல்லை, காவலும் இல்லை. ஏபிஐ கீ (ரகசியச் சாவி) தேவைப்படும் அழைப்பு என்றால் சர்வர்தான் சரியான இடமும்கூட. ஒன்றில் மட்டும் கவனம்: பயனர் எந்த யூஆர்எல்லைத் தந்தாலும் அழைத்துத் தருகிற ப்ராக்ஸியாக (இடைத்தரகராக) உங்கள் சர்வரை ஆக்கிவிடாதீர்கள். ஒருவர் 169.254.169.254 (கிளவுட் சர்வர்கள் தம்மைப் பற்றிய விவரம் கேட்கும் உள் முகவரி) என்று கொடுத்தால், கிளவுடில் ஓடும் சில சர்வர்களிலிருந்து ரகசிய டோக்கன்களே வெளியே போய்விடும்.

கேள்வி: எங்கள் தளம் அவ்வப்போது முழுதாக நின்றுவிடுகிறது. சிபியு சும்மா இருக்கிறது, மெமரியும் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

பதில்: வேறு சர்வர்களை அழைக்கும் இடங்களில் டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) வைத்திருக்கிறீர்களா? என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நீங்களாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே கிடையாது. கோ மொழியின் டிஃபால்ட் கிளையன்ட்டும் அப்படியே. டாட்நெட்டின் எச்டிடிபிகிளையன்ட் 100 விநாடி காத்திருக்கும். பக்கம் திறக்கக் காத்திருப்பவருக்கு அது ஒரு யுகம். அந்தப் பக்கம் மௌனமானால், இங்கே த்ரெட்கள் (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) ஒவ்வொன்றாகப் போய் மாட்டிக்கொள்ளும். கடைசியில் புதிதாக வருபவரைக் கவனிக்க ஒன்றும் மிஞ்சாது.

டைம்அவுட் வைத்த பிறகும் ஒரு நுணுக்கம் உண்டு. ரிக்வெஸ்ட்ஸில் 5 என்று கொடுத்தால் மொத்தமே 5 விநாடிதான் என்று அர்த்தமில்லை. இணைப்பு கிடைக்க 5, அப்புறம் எந்த பைட்டும் வராத இடைவெளிக்கு 5. நான்கு விநாடிக்கு ஒரு பைட் அனுப்பும் சர்வர் உங்களை நாள் முழுக்க உட்கார வைக்கலாம்.

கேள்வி: பணம் எடுக்கும் சர்வீஸுக்கு போஸ்ட் கோரிக்கை அனுப்பினேன், டைம்அவுட் ஆகிவிட்டது. மறுபடி அனுப்பலாமா?

பதில்: அப்படியே அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டுமே. கோரிக்கை போகும்போதே தொலைந்திருக்கலாம். பணம் எடுக்கப்பட்டு, பதில் திரும்பும்போது தொலைந்திருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கெட், புட், டெலீட் என்ற மூன்று வகைக் கோரிக்கைகளையும் எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்பது எச்டிடிபி விதி. (சர்வீஸை எழுதியவர் அதை மதித்தாரா என்பது வேறு கதை.) போஸ்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. அதனால்தான் ஸ்ட்ரைப் போன்ற பணம் வாங்கித் தரும் சர்வீஸ்கள் ஐடெம்பொடென்சி கீ என்ற ஒன்றை ஹெடரில் வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நீங்கள் உருவாக்கித் தரும் தனி அடையாளம் அது. அதே கீயோடு மறுபடி போனால், இன்னொரு முறை பணம் எடுக்காமல் பழைய பதிலையே தரும்.

இதில் பலர் சறுக்குவது ஒரு சின்ன இடத்தில்: கீயை ரீட்ரை (மறுபடி முயலும்) லூப்புக்குள் உருவாக்குகிறார்கள். முயற்சிக்கு ஒரு புது கீ என்றால் கீ இருந்தும் பயனில்லை. முதல் அழைப்புக்கு முன்பே உருவாக்கி, ஆர்டரோடு டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். நடுவில் உங்கள் சர்வரே விழுந்து எழுந்தாலும் அதே கீ கிடைக்கும்.

அந்த வசதி இல்லாத சர்வீஸ் என்றால், ஆர்டர் எண்ணைக் கொடுத்து நிலையைக் கேட்க வழி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையா? ஆர்டரை நிலுவை என்று குறித்து ஒரு மனிதரிடம் விடுங்கள். ரீட்ரையை விட அது மேல்.

ரீட்ரை செய்யக்கூடிய அழைப்புகளில் இடைவெளியை 1, 2, 4 விநாடி என்று கூட்டிக்கொண்டே போங்கள், கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். 429 (அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்) வந்தால், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருக்கிறதா பாருங்கள். 400 (கோரிக்கையே தவறு) வந்தால் விட்டுவிடுங்கள். அதையே எத்தனை முறை அனுப்பினாலும் 400தான்.

கேள்வி: பிரவுசரில் திறக்கும் எச்டிடிபிஎஸ் முகவரி, பைதானில் சர்டிபிகேட் பிழை தருகிறது. வெரிஃபையை (சர்டிபிகேட் சோதனையை) ஃபால்ஸ் ஆக்கச் சொல்கிறார்கள்.

பதில்: செய்யாதீர்கள். நடுவில் யார் உட்கார்ந்து படித்தாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த சர்வர் இன்டர்மீடியட் சர்டிபிகேட்டை (தளத்தின் சர்டிபிகேட்டை நம்பகமான மூலத்தோடு இணைக்கும் நடுக் கண்ணியை) அனுப்பாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிரவுசர்கள் அதை முன்பே வைத்திருக்கும், அல்லது தாமே போய் எடுத்துக்கொள்ளும். பைதான் அப்படித் தேடிப் போகாது. ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையில் ஷோசர்ட்ஸ் சேர்த்து ஓட்டினால் சர்வர் எதையெல்லாம் அனுப்புகிறது என்று தெரிந்துவிடும். சரிசெய்ய வேண்டியது அவர்கள். அதுவரை, விடுபட்டதை உங்கள் சிஏ பண்டிலில் (நம்பும் சர்டிபிகேட்களின் கோப்பில்) சேர்த்துச் சமாளிக்கலாம்.

கேள்வி: லேப்டாப்பில் ஓடும் கோட், டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டியான கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) போட்டால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்கிறது.

பதில்: முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும், பாருங்கள். கன்டெய்னருக்குள் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் ஓட்டினால் சர்வீஸின் பெயரையே முகவரியாகப் போடலாம். போர்ட்டும் கன்டெய்னருக்குள் இருக்கும் எண்ணாக இருக்கட்டும், வெளியே மேப் செய்த எண் வேண்டாம்.