8 வருசமா பதிஞ்சும் கார்டு வரலன்னு கேட்ட அம்பாசமுத்திரம் தம்பிக்கு

தம்பி, பி.எஸ்சி முடிச்சு 8 வருசமா வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிவு வச்சிருக்கேன், ஒரு இன்டர்வியூ கார்டும் வரல, இனி ரினியூ பண்ணணுமான்னு கேட்டிருக்கிய. விட்டுராதீய. 3 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கலன்னா சீனியாரிட்டி போயிரும், அதோட வேலையில்லாத பிள்ளைகளுக்கு அரசு குடுக்க உதவித்தொகையும் போச்சு. பதிஞ்சு 5 வருசம் தாண்டி, வீட்டு வருமானம் வருசத்துக்கு 72,000க்குள்ள இருந்தா டிகிரிக்கு மாசம் 600 ரூவா, 3 வருசம் குடுப்பாவ, ஆனா வருசா வருசம் சுய உறுதிமொழி குடுக்கணும், நான் ஒரு வருசம் அத விட்டுட்டு அலையா அலைஞ்சேன்.

600 ரூவா எதுக்கு காணும்? அம்பையிலருந்து திருநவேலிக்கு நாலு தடவ வேல தேடிப் போய்ட்டு வந்தா பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே பாதி காலி. என்னக் கேட்டா பணத்த மட்டும் போட்டுட்டு விடாம, 5 வருசம் தாண்டுன பிள்ளைகள கூப்ட்டு உக்காரவச்சு என்ன தெரியும்னு கேட்டு, பக்கத்து ஊரு பட்டறையிலயோ ஆபீஸ்லயோ 6 மாசம் கூலி குடுத்து பழக்கி விடணும், ஏன்னா இத்தன வருச கேப்ப பாத்ததும் எந்த மொதலாளியும் தயங்கத்தான் செய்யுதாவ.

அது வரும்போது வரட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கு, டிஎன்பிஎஸ்சிக்கு ஃப்ரீயா கிளாஸ் எடுக்காவ. தனியார் வேலைவாய்ப்பு முகாம் தேதியும் அங்கயே கேட்டுக்கிடுங்க. மொதல்ல ரினியூவல் தேதிய பாருங்க, இன்னைக்கே.